மெயினை இறக்கினாலும் கரண்ட் இருக்கும்: வீட்டுத் தீயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீப்பிடித்த வீட்டின் வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் யாராவது ஓடி வந்து "மெயின் ஆஃப் பண்ணியாச்சு சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தீயணைப்பு வீரர் அந்த ஒரு வார்த்தையை நம்பி உள்ளே போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இன்றைய வீட்டுக்குள் கரண்ட் வரும் வழி ஒன்றோடு நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உண்டு. அதனால் ஒரே குடும்பம் இருக்கும் வீட்டில்கூட கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று சர்வீஸ் வாங்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மீட்டரின் பீஸ் கட்டையைப் பிடுங்கினால் அடுத்த மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மும்முனை இணைப்பு என்றால் ஒரு பேஸ் போனதும் இன்னொன்றுக்கு மாற்ற பேஸ் சேஞ்சர் இருக்கும்; மூன்று கட்டைகளையும் எடுத்தால்தான் கணக்கு சரி. அதோடு, மெயின் சுவிட்ச் இருப்பது மீட்டருக்குப் பிறகு. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் ஒயரில், மின்வாரிய ஆட்கள் வெளியே துண்டிக்கும்வரை மின்சாரம் இருக்கத்தான் செய்யும். அந்த ஒயரின் உறை தீயில் உருகி, பால்கனி கம்பியையோ தகரக் கூரையையோ தொட்டுக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் எந்த சுவிட்சை இறக்கியும் பயனில்லை.

அடுத்து இன்வெர்ட்டர். மெயினை இறக்கிய மறுகணம் அது தானாக விழித்துக்கொள்ளும், அதற்காகத்தானே வாங்கியது! பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. அதிலிருந்து விளக்குக்கும் ஃபேனுக்கும் போவது 230 வோல்ட், ஆளைக் கொல்லப் போதுமானது. இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைக்க வேண்டும். அவசரத்தில் பேட்டரி முனையை இழுத்துக் கழற்றுவது இன்னொரு தவறு. சார்ஜ் ஆகும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கலாம், ஒரு பொறி போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டரும் தானாகக் கிளம்பும். அதற்காக மொத்தக் கட்டடத்தின் மின்சாரத்தையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதும் தப்பு. தீயணைக்கும் பம்ப்பும் தீயணைப்பு லிஃப்டும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. எரியும் தளத்துக்குப் போகும் இணைப்பை மட்டும் துண்டித்து, பம்ப்பின் லைனை விட்டுவைக்க வேண்டும். எந்தப் பேனல் எதற்கு என்று தெரிந்த எலக்ட்ரீஷியனையோ பராமரிப்பு ஆளையோ முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. லைன்மேன் "கட் பண்ணிட்டேன்" என்றால், எந்த லைன், எங்கே துண்டித்தார், யாரும் திரும்பப் போட்டுவிடாமல் அங்கே ஆள் நிற்கிறாரா என்று கேட்டுவிட வேண்டும்.

மொட்டை மாடி சோலார்தான் புதுத் தலைவலி. பிரதமரின் சூரிய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு பல வீடுகளில் தகடுகள் ஏறிவிட்டன. கரண்ட் போனால் சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிடும், அதனால் ஆபத்தில்லை என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். நிற்பது இன்வெர்ட்டர், தகடு நிற்காது. வெயில் இருக்கும்வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். 3 கிலோவாட் அமைப்பில் ஆறேழு தகடுகளை வரிசையாகக் கோத்தால் 250, 300 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், வரும். அதைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டரை அணைத்தாலும் தகட்டிலிருந்து ஐசோலேட்டர் வரைக்கும் உள்ள கேபிளில் அந்த மின்னழுத்தம் அப்படியே நிற்கும். அந்தக் கேபிளைக் கோடரியால் வெட்டினால் எழும் பொறி, வீட்டு இணைப்பில் திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் வருவதுபோலச் சட்டென்று அணையாது, தொடர்ந்து எரியும். தகட்டின் மேல் ஏறி நிற்பது, கண்ணாடியை உடைத்தால் சரியாகிவிடும் என்று உடைப்பது, இரண்டுமே வேண்டாம். இதில் ஒரு சங்கடம்: ஒயரைத் தொடாமலே கரண்ட் இருப்பதைக் காட்டும் பேனா டெஸ்டர் ஏசியை மட்டும்தான் காட்டும். டிசி கேபிளின் அருகே அது சத்தம் போடாமல் இருப்பதை "கரண்ட் இல்லை" என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது.

தண்ணீர் விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பதற்றத்தில் மறக்கும். கரண்ட் இருக்கும் ஸ்விட்ச் போர்டின் மேல் நேர் ஜெட்டாக அடித்தால் அந்தத் தண்ணீர்த் தாரை வழியாகவே மின்சாரம் குழாய் முனையைப் பிடித்திருப்பவரிடம் வரலாம். நுரையும் மின்சாரத்தைக் கடத்தும். கரண்ட் போகவில்லை என்றால் கார்பன் டை ஆக்சைடும் உலர் பொடியும்தான். தண்ணீர்தான் வழி என்றால் தூரத்தில் நின்று, சிதறும் தூறலாக அடிக்க வேண்டும். தரையில் தேங்கும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கீழே கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதில் மூழ்கியிருக்கலாம். காலில் இருக்கும் பூட்ஸையும் கையுறையையும் நம்பி இதில் இறங்கக் கூடாது. அவை வெப்பத்துக்கானவை, நனைந்தால் மின்சாரத்துக்கு எதிராக எதுவும் செய்யாது.

புகையில் தடவிக்கொண்டு போகும்போது உள்ளங்கையை முன்னால் நீட்டுவது இயல்பு. அதைப் பழக்கத்தால் மாற்ற வேண்டும். ஷாக் அடித்தால் விரல்கள் தானாக மடங்கி ஒயரை இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கையை முன்வைத்தால் கை தெறித்து விலக வாய்ப்பு உண்டு. ஃபால்ஸ் சீலிங் எரிந்த அறையில் ஒயர்கள் கொடியாகத் தொங்கும், கழுத்திலும் முதுகில் மாட்டியிருக்கும் காற்று சிலிண்டரிலும் சிக்கும். குனிந்தே போவது நல்லது.

வெளியே ஏணி நிறுத்தும்போது எல்லோர் கண்ணும் நெருப்பில் இருக்கும், தலைக்கு மேலே இருக்காது. பல தெருக்களில் பால்கனியிலிருந்து கை நீட்டும் தூரத்தில் 11,000 வோல்ட் லைன் போகிறது. அலுமினிய ஏணியை விரிப்பதற்கு முன் ஒருவர் மேலே பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பி அறுந்து விழுந்திருந்தால் பத்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும். ஏற்கெனவே அருகில் இருந்துவிட்டால் பாதங்களைச் சேர்த்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து வர வேண்டும். அகல அடி வைத்தால் இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடே ஆளைக் கொல்லப் போதும். அறுந்த கம்பி அமைதியாகக் கிடந்தாலும் லைன் எந்த நேரமும் திரும்ப வரலாம்.

நெருப்பு அணைந்த பிறகு, "எது வேலை செய்கிறது பார்ப்போம்" என்று வீட்டுக்காரர் மெயினைத் தூக்கப் போவார். அவரைத் தடுக்க வேண்டும். உறை உருகிய ஒயர்கள் சுவருக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். எலக்ட்ரீஷியன் வந்து ஒயரிங்கைச் சோதித்துச் சொல்லும்வரை பீஸ் கட்டைகள் வீட்டுக்காரர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.