ஃபால்அவுட்: தொடரைப் பார்த்துவிட்டு கேமுக்குள் நுழைகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அணுகுண்டுப் போரில் அழிந்த அமெரிக்காவில் நடக்கும் வீடியோ கேம் வரிசை ஃபால்அவுட். அதைத் தொடராகவும் எடுத்தார்கள். தொடரைப் பார்த்து முடித்த கையோடு நண்பன் ஒருவன் அந்த வரிசையின் நியூ வேகஸ் கேமை வாங்கினான். குட்ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் ஆட்டம் தொடங்கும். இரவில் பார்த்தால் தூரத்தில் வேகஸின் கோபுரம் மின்னும். “அதோ தெரிகிறதே, அங்கேதானே போக வேண்டும்” என்று வடக்குப் பக்கமாக நேரே நடந்தான். கசடோர் என்ற ராட்சதக் குளவிகள் கொட்டிக் கொன்றன. பெருஞ்சாலை வழியாகப் போய்ப் பார்த்தான். கல்குவாரி பக்கம் டெத்க்ளா என்ற நகம் நீண்ட ராட்சத மிருகம் கிழித்துப் போட்டது. கேம் சரியில்லை என்று எனக்கு போன் செய்தான்.

இந்தக் கேமை முதன்முதலில் ஆடுகிற பலரும் செய்வதுதான் இது. தெற்கே பிரிம், அங்கிருந்து நிப்டன், பிறகு நோவாக் என்று வேகஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்களைச் சுட்டுப் புதைத்த கோட்டுக்காரன் போன தடமும் அதுதான். அடிமைகளை வைத்திருக்கும் லீஜன் என்ற படை எப்படிப்பட்ட கூட்டம் என்பது நிப்டனுக்குள் கால் வைத்ததும் விளங்கிவிடும். குறுக்குவழி தேடினால் கதையில் பாதி போய்விடும்.

அடுத்தது, வரிசைப்படி ஆடியே தீருவேன் என்ற பிடிவாதம். 1997-ல் வந்த முதல் கேம் அருமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் அது மேலிருந்து பார்க்கிற, முறை வைத்து அடித்துக்கொள்கிற பழைய பாணி ஆட்டம். தண்ணீர் சுத்திகரிக்கும் சில்லைத் தேடிக் கொண்டுவர 150 நாள் கெடு வேறு உண்டு. இன்றைய கேம்களில் பழகியவர் இரண்டு மணி நேரத்தில் மூடி வைத்துவிடுவார். கதைப்படி முதலில் வருவது 2102-ல் நடக்கும் ஃபால்அவுட் 76 என்று அதில் தொடங்குவதும் வீண் வேலை. ஒவ்வொரு கேமுக்கும் ஊர் வேறு, ஆள் வேறு. பேச்சும் அரசியலும் பிடிக்குமென்றால் நியூ வேகஸ், சுட்டுக்கொண்டே சுற்ற வேண்டுமென்றால் ஃபால்அவுட் 4. அவ்வளவுதான்.

சிலர் கேமுக்குள் போய் தொடரின் முக்கியப் பாத்திரங்களான லூசியையும் மேக்சிமஸையும் தேடுகிறார்கள். அவர்கள் தொடருக்காகவே உருவாக்கப்பட்டவர்கள். வால்டன் காகின்ஸ் நடித்த கூப்பர் ஹோவர்டும் அப்படித்தான். லாஸ்ட் ஆஃப் அஸ் தொடர் கேமின் கதையையே எடுத்துச் சொன்னது. ஃபால்அவுட் தொடர் அதே உலகத்தில், 2296-ல் நடக்கும் புதுக் கதை. தொடக்கக் காட்சியின் உடையையும் காரையும் பார்த்து 1950-களில் குண்டு விழுந்ததாக நினைப்பவர்களும் உண்டு. விழுந்த நாள் 2077 அக்டோபர் 23. தொழில்நுட்பம் எங்கோ போய்விட்டது, ரசனை மட்டும் ஐம்பதுகளிலேயே நின்றுவிட்டது.

இனி ரசிகர்களின் தவறு. நானும் அதில் சேர்த்திதான். தொடரில் வால்ட் 4 என்ற நிலத்தடிப் புகலிடத்தில் ஒரு கரும்பலகை காட்டுவார்கள். ‘ஷேடி சாண்ட்ஸ் வீழ்ச்சி, 2277’ என்று எழுதி, அங்கிருந்து ஓர் அம்புக்குறி, அதன் முனையில் குண்டு வெடித்த புகைக்குடை. முதல் கேமில் மண்வீட்டு ஊராக இருந்து, இரண்டாவதில் புதிய கலிஃபோர்னியக் குடியரசின் தலைநகராக வளர்ந்த ஊர் அது. நியூ வேகஸ் நடப்பதோ 2281-ல். அதில் அந்தக் குடியரசு படையோடும் பணத்தோடும் மொஹாவி பாலைவனத்தில் உட்கார்ந்திருக்கிறது. தலைநகர் நான்கு வருடம் முன்பே சாம்பலாகியிருந்தால் ஒருவர்கூட வாய் திறந்திருக்க மாட்டார்களா? நியூ வேகஸ் கேமின் கதையையே செல்லாததாக்கிவிட்டார்கள் என்று இரண்டு நாள் கொதித்தேன்.

பலகையை மறுபடி பார்த்தால் ஆண்டு ஒரு பக்கம், குண்டு இன்னொரு பக்கம். சரிவு தொடங்கியது 2277, குண்டு விழுந்தது அதற்கு அப்புறம். நியூ வேகஸ் நிகழ்ச்சிகளுக்குப் பிறகே குண்டு விழுந்ததாக, ஃபால்அவுட் 3, 4 கேம்களை இயக்கிய டாட் ஹோவர்டும் சொல்லிவிட்டார். ஆக அந்தக் கோபம் வீண். ஊரையே தூக்கி லாஸ் ஏஞ்சலிஸுக்குள் வைத்தார்களே, அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. முதல் கேமின் வரைபடத்தில் அது வெகு தூரம்.

2077 போரில் முதல் குண்டைப் போட்டது வால்ட்களைக் கட்டிய வால்ட்-டெக் நிறுவனம்தான், தொடரே காட்டிவிட்டது என்று சொல்பவர்கள் முதல் சீசனின் அந்தக் கூட்ட அறைக் காட்சியை இன்னொரு முறை பார்க்கலாம். நாமே போடலாம் என்ற பேச்சு வருகிறது, போட்டதைக் காட்டவில்லை. கட்டைவிரலை நீட்டிப் புகைமேகத்தை அளக்கும் விஷயமும் அப்படித்தான். கேமின் சின்னமான கார்ட்டூன் பையன் வால்ட் பாய் விரலைத் தூக்கி நிற்பது அதற்காக இல்லை, சும்மா உற்சாகத்துக்குத்தான் என்று முதல் கேமைத் தயாரித்த பிரையன் ஃபார்கோ சொல்லியிருக்கிறார். தொடர் அந்த வதந்தியை எடுத்து அழகான காட்சியாக்கிக்கொண்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

நம் ஊர்ச் சங்கதியும் ஒன்று இருக்கிறது. 2008-ல் ஃபால்அவுட் 3-ஐ இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகள் என்பதற்கு மேல் விளக்கவில்லை. கேமில் வரும் இரட்டைத்தலை மாட்டின் பெயர் பிராமின், அதனால்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது சாதியைச் சொல்வதாக இங்கே இன்றும் சிலர் கோபப்படுகிறார்கள். அமெரிக்கர்கள் திமில் வைத்த மாட்டினத்தை பிராமன் என்பார்கள், அதன் சிலேடை என்றே பெரும்பாலான ரசிகர்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நண்பன் இப்போது ஃபால்அவுட் 4-க்கு வந்துவிட்டான். பழைய மேசை விசிறியைப் பிரித்தால் திருகாணி கிடைக்கும், துப்பாக்கியை மேம்படுத்த அது வேண்டும் என்று தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். கண்ணில் பட்ட விசிறியை எல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு, பாரம் தாங்காமல் பாஸ்டன் தெருக்களில் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறான்.