ருமேனியாவுக்கு வேலைக்குப் போகும் முன்: யாழ்ப்பாணத்தவர்களுக்கான வழிகாட்டி

ருமேனியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த பின்னர் அந்நாட்டு மக்கள் பெருந்தொகையாக இத்தாலி, ஸ்பெயின், ஜேர்மனி என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கட்டட வேலைகளையும் உணவக, தொழிற்சாலை வேலைகளையும் இப்போது ஆசியாவிலிருந்து வருபவர்கள் செய்கிறார்கள். 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு 100,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அந்நாட்டு அரசு இடம் ஒதுக்கியது. யாழ்ப்பாணத்து மேசன்மாரும் வெல்டர்மாரும் சமையற்காரரும் ருமேனியாவைப் பற்றி விசாரிப்பதற்குக் காரணம் இதுவே.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது எதற்கு முன்னால் வரவேண்டும் என்பதாகும். விசாவுக்கு முன்னர் வேலை அனுமதி கிடைக்க வேண்டும். அதை இங்கிருந்து நீங்கள் எடுக்க முடியாது. உங்களை வேலைக்கு எடுக்கும் ருமேனிய நிறுவனமே உங்கள் பெயருக்கு அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அந்த அனுமதியில் உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், செய்யப்போகும் வேலை ஆகியவை இருக்கும். ஆகவே, 'விசா அடித்துத் தருகிறோம், கொம்பனியைப் போன பிறகு பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

முகவரை விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் அவரிடம் இருக்கிறதா, அந்த உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதா, குறிப்பிட்ட ருமேனிய நிறுவனத்துக்கு ஆளெடுக்கப் பணியகம் அவருக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். முதலிரண்டு மட்டும் சரியாக இருந்து மூன்றாவது இல்லாமற்போவதும் உண்டு. பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தோ, உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயங்களைப் பார்க்கும் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ கேட்டறியலாம். காணி உறுதியை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும் திரட்டும் காசை, பற்றுச்சீட்டில்லாமல் ஒருவர் கையில் கொடுப்பது, அவர் ஊர்க்காரராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும் சரியன்று. சொந்தக்காரரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பதுதான் நம்மவர்களுக்கு மிகக் கடினம் என்பது தெரிந்தே இதை எழுதுகிறேன்.

ஆவணங்களைப் பொறுத்தவரை அலைச்சல் முன்னரைவிடக் குறைந்திருக்கிறது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டதால், அதற்காக வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியதில்லை. சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் தொழிற்சான்றிதழிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் வருவது நம்மிடையே வழக்கமாக இருக்கலாம். தூதரகத்துக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரியும்.

வேலை அனுமதி கைக்கு வந்ததும், ருமேனிய வெளிவிவகார அமைச்சின் ஈவீசா தளத்தில் வேலைக்கான நீண்டகால விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் கொழும்பிலுள்ள தூதரகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். விசாக் கட்டணம் 120 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தை வாசிப்பதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குவது தகும். அதில் எழுதப்பட்டிருக்கும் சம்பளம் பெரும்பாலும் கழிவுகளுக்கு முந்திய தொகை. 2025ஆம் ஆண்டுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 4,050 லெய்யை (லெய் என்பது ருமேனிய நாணயம்) எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கு 25 வீதம், சுகாதாரக் காப்புறுதிக்கு 10 வீதம், எஞ்சியதில் வரிக்கு 10 வீதம் என்று பிடித்து, சில சலுகைகளைக் கூட்டிய பின் கைக்கு வருவது ஏறத்தாழ 2,570 லெய்தான். ஐந்து லெய் கிட்டத்தட்ட ஒரு யூரோ என்றால், அது சுமார் 500 யூரோ. முகவர் வாயால் 800 யூரோ என்று சொல்லியிருந்தால், அதற்கும் இதற்கும் இடையிலுள்ள தூரத்தை ஒப்பந்தத்தில் எழுதிய மேலதிக நேரக் கொடுப்பனவு நிரப்புகிறதா, அல்லது எதுவுமே நிரப்பவில்லையா என்று பாருங்கள். அடுத்து, தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் நிறுவனம் தருகிறதா, அதற்குச் சம்பளத்தில் கழிக்கிறதா, ஓர் அறையில் எத்தனை பேர் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். அந்நாட்டுச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணிநேரமே சாதாரண வேலைநேரம். ஆண்டுக்குக் குறைந்தது 20 வேலைநாள் சம்பளத்துடன் லீவு உண்டு. வேலைநேரத்தை இதைவிடக் கூட்டியோ லீவை இதைவிடக் குறைத்தோ எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். வாங்கிய கடனின் மாத வட்டியை அந்த 500 யூரோவிலிருந்து கழித்துப் பார்த்த பிறகும் போகலாம் என்று தோன்றினால் போங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 'ருமேனியாவில் இறங்கினால் போதும், அங்கிருந்து பிரான்சுக்குப் பாய்ந்துவிடலாம்' என்ற கணக்கோடு புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் எல்லைச் சோதனையின்றி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் வலயத்தில் ருமேனியா முழுமையாகச் சேர்ந்துவிட்டது உண்மை. ஆனால் அந்நாட்டு வதிவிட அனுமதியைக் கொண்டு வேறு ஷெங்கன் நாடொன்றில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை சுற்றிப் பார்க்கலாமே தவிர, வேலை செய்ய முடியாது. அங்கே தஞ்சம் கோரினாலும், விசா கொடுத்த நாடே அந்த விண்ணப்பத்துக்குப் பொறுப்பு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான விதி.  பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் மாமா உதவுவார் என்றாலும், அவரால் அந்த விதியை மாற்ற முடியாது.

புறப்படுவதற்கு முன் பணியகத்தில் பதிவு செய்வது கட்டாயம். பதிவில்லாமல் போனால் கட்டுநாயக்காவிலேயே மறிக்கப்படலாம். பதிவுடன் வரும் காப்புறுதியும் இல்லாமற்போகும்.

தலைநகர் புக்கரெஸ்ட் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, வேலை செய்வதற்கும் வசிப்பதற்கும் சேர்த்து வழங்கப்படும் அனுமதி அட்டையை எடுப்பதாகும். விசா தரும் தங்கும் காலம் 90 நாட்கள். அது முடிவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னரே விண்ணப்பித்திருக்க வேண்டும். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், விண்ணப்பித்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டை 'பாதுகாப்புக்காக' வைத்திருக்கிறோம் என்று சொன்னால் கொடுக்க வேண்டாம். முதல் ஓராண்டுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால் பொதுவாக முதலாளியின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும் என்பதால், கூடுதலாக 200 லெய் தருகிறோம் என்று கூப்பிடுகிறவர்களிடம் சட்டென்று போய்விடக் கூடாது. சம்பளம் தராவிட்டால் அந்நாட்டுத் தொழிற் பரிசோதனைத் திணைக்களத்தில் முறையிடலாம். அதற்காகவே வேலை செய்த மணிநேரங்களை நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஜனவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். தடித்த சப்பாத்தையும் மேலங்கியையும் அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. பெட்டியில் அந்த இடத்துக்கு வறுத்திடித்த மிளகாய்த்தூளை வைக்கலாம். கடவுச்சீட்டு, விசா, வேலை அனுமதி, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதியையும் நிறுவனத்தின் முகவரியையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே அவசர உதவிக்கு அழைக்கும் இலக்கம் 112.