கம்பஸில் வேடர் நிகழ்வு செய்யப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு

படிக்கிற காலத்தில் மூன்று வருடம் ஒரு மாணவர் வட்டத்தின் செயலாளராக இருந்தேன். மூன்று வருடமும் இலங்கையின் தொல்குடிகளான வேடரைப் பற்றி ஒரு பண்பாட்டு நிகழ்வு செய்தோம். முதலாவது பிழையாய்ப் போனது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை இப்போது நினைத்தாலும் மனம் நிறையும். போன கிழமை இரண்டு ஜூனியர் பிள்ளைகள் வந்து, "அக்கா, எங்கேயிருந்து தொடங்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மண்டபம் எடுப்பதற்கு முதலே பஸ் ஏறுங்கள்.

வேடர் என்றதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஞாபகம் வருவது கண்ணப்ப நாயனாரும் வள்ளியும். அதற்குப் பிறகு, செய்தியில் பார்த்த தம்பானையும் தோளில் கோடரியோடு நிற்கும் அங்குள்ள வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவும். தம்பானை மகியங்கனைப் பக்கம். அங்குள்ளவர்கள் சிங்களமும் தங்கள் சொந்த மொழியும் பேசுபவர்கள். ஆனால் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில், மூதூர், வெருகல், வாகரைப் பக்கங்களிலும் வேடர் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் வீட்டுமொழி தமிழ். களப்பில் மீன் பிடிப்பார்கள், காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்வார்கள், காட்டில் தேன் எடுப்பார்கள். செல்வச்சந்நிதியில் தொடங்கி கதிர்காமம் போகிற பாதயாத்திரை அந்தக் கரையால்தான் போகிறது. என்ர அம்மம்மா அப்படி நடந்து போனவ. "வெருகல் பக்கம் வேடர் ஆக்கள் எங்களுக்குத் தண்ணி தந்தவை" என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறா. நிகழ்வு செய்யத் தொடங்கின பிறகுதான் அந்தப் பேச்சு எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. நாங்கள் பேசுகிற மொழியையே பேசுகிற ஆட்களை இத்தனை காலமும் ஒரு மேடைக்கும் கூப்பிடாமல் இருந்திருக்கிறோம்.

அதனால் முதல் நிகழ்வுக்கு கிழக்குக் கரையைத் தெரிவு செய்யுங்கள். வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, கிண்ணியா, மூதூர், வெருகல் என்று போகிற பாதை. முன்பு துறைகளில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி ஆறு கடக்க வேண்டும்; இப்போது பாலங்கள் இருக்கின்றன. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தோழர்கள் இருந்தால் அவர்கள் மூலம் ஊரில் ஒரு ஆளைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிரிவின் கிராம சேவகரிடம் போங்கள். நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். கேள்விக்கொத்து கொண்டு போகாதீர்கள். 2004 இல் கடல் அடித்து, 2006, 2007 இல் சண்டையில் இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் யாராவது வந்து படிவம் நிரப்பிய ஊர்கள் அவை. கையில் பனங்கட்டியும் புழுக்கொடியலும் போதும். பழைய உடுப்புப் பொதி வேண்டாம். நீங்கள் நிவாரணம் கொடுக்கப் போகவில்லை. முதல் பயணத்தில் நிகழ்வைப் பற்றி வாயே திறக்காமல் திரும்பினாலும் பரவாயில்லை. இரண்டாவது தடவை போகும்போது, "இப்படி ஒன்று செய்ய நினைக்கிறோம், நீங்கள் வந்தால் எதைப் பற்றிக் கதைக்க விரும்புவீர்கள்?" என்று கேளுங்கள். வர விருப்பமில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். அப்போது நிகழ்வை ஒத்திவையுங்கள். அவர்கள் இல்லாமல் அவர்களைப் பற்றி நடத்தாதீர்கள்.

எங்கட முதல் நிகழ்வில் என்ன பிழை விட்டோம் என்று சொல்கிறேன். இரண்டாம் வருடப் பெடியள் ஆறு பேருக்கு இலை கட்டி, முகத்தில் கரி பூசி, கையில் வில்லுக் கொடுத்து வாசலில் நிறுத்தினோம். வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேர்ட்டோடு வான் வண்டியிலிருந்து இறங்கினார். அவர்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது என்னிடம் மெதுவாக, "மகள், எங்கட ஊருல ஒருத்தரும் இப்படி இலை கட்டுற இல்ல" என்றார். கோபமில்லாத குரல். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆகவே வேஷம் வேண்டாம். வரவேற்பு நடனத்துக்கு வேடர் உடுப்பு, குறவஞ்சிச் சாயல், எதுவுமே வேண்டாம்.

பனரில் என்ன பெயர் போடுவது? சிலர் வேடர் என்பார்கள், சிலர் வேடுவர். பத்திரிகைகள் ஆதிவாசிகள் என்று எழுதும். தம்பானைக்காரர் தங்களை வன்னியல அத்தோ, அதாவது காட்டில் வாழ்கிறவர்கள் என்று சொல்வார்கள். எங்கட வீடுகளில் "வேடன் மாதிரி" என்று பிள்ளையைப் பேசுகிற பழக்கமும் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட முதல் அது யாருக்கு எப்படிப் படும் என்று யோசியுங்கள். வருகிறவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதைப் போடுங்கள். மூன்றாம் வருடம் வந்த அம்மா, "எங்கட ஊர்ப் பேரைப் போடுங்க, அது காணும்" என்றா. அப்படியே போட்டோம்.

திகதி. உலகத் தொல்குடிகள் தினம் ஓகஸ்ட் 9. ஐக்கிய நாடுகள் சபையின் தொல்குடிகளுக்கான செயற்குழு 1982 இல் அன்றைக்குத்தான் முதன்முதல் கூடியது. 1994 இல் அதை உலக தினமாக்கினார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் அது நல்லூர்த் திருவிழாக் காலத்தோடு முட்டும். 2024 இல் கொடியேற்றமே ஓகஸ்ட் 9 தான். தங்க அறை கிடையாது, வீதி மூடியிருக்கும், மண்டபத்துக்கு ஆள் வராது. பல வீடுகளில் மரக்கறிதான். மீனோடு சாப்பிட்டுப் பழகிய விருந்தாளிக்கு மூன்று நேரமும் மரக்கறி கொடுப்பதும் சரியில்லை. தேர் முடிந்து இரண்டு கிழமை கழித்து வையுங்கள். அதையும் அவர்களின் சடங்குக் காலம், தொழில் காலம் எப்போது என்று கேட்டு முடிவெடுங்கள்.

கடிதம், அனுமதி, டீன் கையொப்பம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறு கிழமைக்கு முதல் கொடுத்துவிடுங்கள். மண்டபத்துக்கு, கம்பஸின் பெரிய மண்டபமான கைலாசபதி அரங்கை முதல் தடவை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எண்பது பேர் நெருங்கி இருக்கிற ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு நன்றாகச் சேரும். காசில் முதலில் ஒதுக்க வேண்டியது வானும், தங்குமிடமும், வருகிறவர்களுக்கான கொடுப்பனவும். இரண்டு நாள் தொழிலை விட்டு வருகிறார்கள். பொன்னாடை போர்த்தினால் அது ஈடாகாது. கடித உறையில் வைத்து, மேடையில் இல்லாமல், தனியாகக் கொடுங்கள்.

இனி, நிகழ்ச்சி நிரல். இதில்தான் நாங்கள் எல்லோரும் சறுக்குவோம். மங்கல விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று போய், தூரத்திலிருந்து வந்தவர் வாய் திறக்கும்போது பன்னிரண்டரை மணியாகிவிடும். பிள்ளைகள் கன்ரீனுக்கு எழும்பிவிடுவார்கள். விளக்கு ஏற்றியவுடன் மைக்கை அவர்களிடம் கொடுங்கள். விரிவுரையாளர்கள் பிறகு பேசட்டும். எங்கட சேர் ஒருவர் தன் உரையை ஐந்து நிமிடமாக்கி, முன்வரிசையில் இருந்து குறிப்பு எடுத்தார். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் கொப்பியைத் திறந்தார்கள். கேள்விகளைத் துண்டில் எழுதி வாங்குங்கள். "இப்பவும் வேட்டையாடுவீங்களா?" என்று இருபது துண்டு வரும், ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, காணி, பிள்ளைகளின் படிப்பு, களப்பின் நிலை பற்றியவற்றைக் கொடுங்கள்.

சடங்கை மேடையில் செய்து காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அது வழிபாடு. அவர்களாக ஒரு பாட்டுப் பாடினால் கேளுங்கள். படம்பிடிக்கலாமா என்று அதற்கு முதல் கேளுங்கள். 2007 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட தொல்குடிகள் உரிமைப் பிரகடனத்தில், வற்புறுத்தல் இல்லாமல், முன்கூட்டியே, விளங்கிக்கொண்டு சம்மதிக்கிற உரிமை இருக்கிறது. அதை ஒரு பதாகையில் எழுதித் தொங்கவிட்டு, கீழே கேட்காமல் போன் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

கண்காட்சிக்கு வில்லும் அம்பும் தேடி அலையாதீர்கள். ஒரு வரைபடம் கீறுங்கள். தம்பானைப் பக்கத்தவர் வேட்டையாடிய காடு 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானதும், குடும்பங்கள் ஹெனானிகல என்ற குடியேற்றக் கிராமத்துக்குப் போனதும் அதில் வரட்டும். பக்கத்தில் கிழக்குக் கரையை, அங்கிருந்து வந்தவர்களையே கொண்டு கீறுவியுங்கள். மூன்றாம் வருடம் வந்த அந்த அம்மா மார்க்கரை வாங்கி, தேன் எடுக்கிற இடம், இறால் வருகிற வாய்க்கால், இப்போது கம்பி வேலி போட்ட இடம் என்று முக்கால் மணித்தியாலம் கீறினா. எங்கட சிங்கள நண்பர்கள் இரண்டு பேர் அதற்குச் சிங்களத்தில் பெயர் எழுதினார்கள். அன்றைய நாளில் ஆட்கள் கூடி நின்றது அந்தத் தாளுக்கு முன்னால்தான்.

முடிந்த பிறகு படங்களைப் பிரின்ற் போட்டு, பேச்சின் ஒலிப்பதிவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். தபாலில் அனுப்பாதீர்கள். நாங்கள் போனபோது அந்த அம்மா படங்களை மடியில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தா. வரைபடத்தின் படம் வந்ததும், "இதில வாய்க்காலை நான் பிழையாக் கீறிட்டன், அடுத்த முறை திருத்துவம்" என்றா. அந்த மூலத்தாளைச் சுருட்டி வட்டத்தின் அலுமாரியில் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போங்கள்.