இருபது பவுண்டு போதும்: முதல் ரிகர்வ் வில் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் முதலில் வாங்கிய ரிகர்வ் வில் (முனைகள் முன்பக்கம் வளைந்திருக்கும் வில்) 36 பவுண்டு, அதாவது நாணை முழுக்க இழுக்க அத்தனை பலம் வேண்டும். இணையத்தில் படத்தைப் பார்த்தேன், சம்பளம் போட்ட அன்றைக்கே காசைக் கட்டிவிட்டேன், பார்சல் வந்த சாயங்காலம் கோலாலம்பூர் செந்தூல் பிளாட் ஹாலில் நின்று நாணை இழுத்தால் தாடை வரைக்கும் வரவே இல்லை. ஆம்பிளைக்கு 36 எல்லாம் சாதாரணம் என்று விற்றவர் சொன்னதை நம்பி இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது, வில் பாதி விலைக்குப் போனது. அதனால் பிராண்டும் நிறமும் அப்புறம், முதலில் பவுண்டைப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு 18 முதல் 24 வரை போதும். ஒல்லி உடம்பு, பள்ளிப் பிள்ளை என்றால் 14, 16 கூடச் சரிதான். 18 மீட்டர் தூரத்து இலக்குப் பலகைக்கு இது தாராளம். ஒலிம்பிக்கில் 70 மீட்டரில் எய்கிறவர்களைப் பார்த்துவிட்டு அவர்கள் இழுக்கும் எடையையே கேட்காதீர்கள், அது பல வருடம் தினமும் இழுத்து வந்த தோள்.

லிம்பில், அதாவது வில்லின் வளையும் பட்டையில், எழுதியிருக்கும் எண் 28 அங்குலம் இழுக்கும்போது வரும் எடை. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும், கூடினால் கூடும். உங்கள் இழுவை, அதாவது நாணை இழுக்கும் நீளம், எவ்வளவு என்று தெரிய இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை வேறு யாரையாவது அளக்கச் சொல்லி, அதை 2.5-ஆல் வகுங்கள். எனக்கு 67 அங்குலம், வகுத்தால் 26.8. ஆக, 24 என்று எழுதிய லிம்ப் என் கையில் 22-கூட வராது. வில்லின் நீளமும் இதை வைத்துத்தான்: 26 அங்குலத்துக்குக் கீழே இழுப்பவருக்கு 64 அல்லது 66 அங்குல வில், 26 முதல் 28 வரை 66 அல்லது 68, அதற்கு மேல் 68 அல்லது 70. இரண்டுக்கும் நடுவில் நின்றால் நீளமானதை எடுங்கள், குட்டை வில்லில் நாண் கூராக மடங்கி விரலை நெரிக்கும்.

கடையில் கொடுத்தால் தாடை வரை இழுத்து 10 விநாடி பிடித்து, மெதுவாகத் திரும்பக் கொண்டுபோங்கள். ஐந்தாறு தடவையில் கை உதறினால் எடையைக் குறைத்துக் கேளுங்கள். அம்பு இல்லாமல் நாணை மட்டும் படாரென்று விட்டுவிடாதீர்கள், அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுக்க லிம்பிலேயே இறங்கும், விரிசல் விட்டால் கடைக்காரர் உங்களைத்தான் பார்ப்பார். இன்னொன்று, எந்தக் கண் ஆதிக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு கைக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டு அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் நகராமல் நிற்கிறதோ அதுதான். வலக்கண் என்றால் வலக்கை வில், அதாவது இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுப்பது.

வகை என்று பார்த்தால் லிம்பைக் கழற்றி மாற்றுகிற வில் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். பலம் ஏறியதும் லிம்பை மட்டும் மாற்றினால் போதுமே. சாமிக் போலாரிஸ் மாதிரி மர ரைசர் (கையில் பிடிக்கும் நடுத்துண்டு) வில் விலை குறைவு, ஆனால் அதன் லிம்ப் அதற்குத்தான் சேரும். ஐஎல்எஃப் என்ற பொதுப் பொருத்து முறை உள்ள உலோக ரைசருக்கு விலை கூடுதல், ஆனால் ஹோய்ட் கம்பெனி ஐஎல்எஃப் ரைசரில் வின் அண்ட் வின் கம்பெனி ஐஎல்எஃப் லிம்ப் மாட்டலாம், 25 அங்குல ரைசரில் நடுத்தர நீள லிம்ப் போட்டால் 68 அங்குலம் வரும். விட மாட்டேன், இரண்டு வருடமாவது எய்வேன் என்பவருக்கு நான் பழைய ஐஎல்எஃப் ரைசரும் மலிவான புது லிம்பும்தான் சொல்வேன்.

பழைய லிம்ப் வாங்கினால் ஒரு பஞ்சை விளிம்பு நெடுகத் தேயுங்கள், எங்காவது நார் சிக்கினால் அங்கே பிளந்திருக்கிறது. நாண் பூட்டிப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு லிம்புக்கும் சரியாக நடுவில் ஓட வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் முறுக்கியிருக்கலாம்.

கையிலிருக்கும் காசை முழுக்க வில்லிலேயே போட்டுவிடாதீர்கள். அம்பு பொருந்தாவிட்டால் நல்ல வில்லும் கோணலாகத்தான் அடிக்கும். அம்பின் விறைப்பைக் காட்டும் ஸ்பைன் எண் பெரிதாக இருந்தால் அம்பு அதிகம் வளையும் என்று அர்த்தம், 20 பவுண்டுக்காரருக்கு 1000 அல்லது அதற்கு மேல் பாருங்கள். இழுவையைவிட 2 அங்குலமாவது நீளம் வேண்டும், குட்டையான அம்பு, அது தங்கும் ரெஸ்டிலிருந்து உள்ளே விழுந்தால் வில் பிடித்த கையிலேயே பாயும். கார்பன் அம்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்துப் பார்த்துவிட்டு நாணில் வையுங்கள். அப்புறம் விரல் டேப் (நாண் இழுக்கும் விரலைக் காக்கும் தோல் துண்டு), முன்கைக் கவசம், நாண் பூட்டும் கயிறு. இந்தக் கயிற்றை மிச்சம் பிடிக்க நினைத்துக் காலுக்கு நடுவில் வளைத்து நாண் பூட்டினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் வாங்கும் முன் நாலைந்து வாரம் வாடகை வில்லில் எய்யுங்கள், வில்வித்தைக்கு மலாய்ச் சொல்லான 'மெமானா' (memanah) என்று தேடினால் கோலாலம்பூரில் எய்து பழகும் ரேஞ்ச் கிடைக்கும். வாங்கியதை மத்தியான வெயிலில் நிற்கும் காடியின் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், அடுக்கடுக்காக ஒட்டிய லிம்ப் சூட்டில் பிரியும். தோல் டேப்பைத் துடைத்துக் காயவைத்துத்தான் பையில் போட வேண்டும், நம் ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் பச்சையாகப் பூசணம் பூத்து, பழைய கருவாட்டு வாடை அடிக்கும்.