முத்துப்பிள்ளை கர்ப்பம்: க்ளீன் பண்ணதோட விட்றாதீங்க

நம்ம தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம்லாம் நாள் தள்ளிப் போயி திடீர்னு ப்ளீடிங் ஆச்சுன்னா நிறைய பேரு ஸ்கேன் கூட எடுக்காம மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுர்றாங்க. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. உள்ள இருக்கறது முத்துப்பிள்ளையா இருந்தா, அதாவது கரு வளராம நஞ்சுக்கொடி மட்டும் முத்து முத்தா நீர்க்கட்டியா வளந்திருந்தா, மாத்திரைல சரியா வெளிய வராது, ரத்தம்தான் நிறைய போவும். ஆஸ்பத்திரில சக்‌ஷன் வெச்சு எடுக்கறதுதான் சரி. நிக்காத வாந்தி, மாசத்துக்கு மீறின வயிறு இருந்தாலும் உடனே ஸ்கேன் பாத்துருங்க. எடுத்த சதைய பயாப்சிக்கு அனுப்பினாங்களான்னு கேளுங்க, ரிப்போர்ட்ட கையோட வாங்கி ஃபைல்ல வைங்க. நெகட்டிவ் ப்ளட் குரூப்னா அடுத்த கர்ப்பத்துக்குப் பாதுகாப்பா போடற ஆன்டி டி ஊசி பத்தியும் கேட்டுக்கோங்க.

என்னைக் கேட்டா பெரிய தப்பே இதுக்கு அப்புறம்தான் நடக்குது. உடம்பு நல்லாருக்கு, ப்ளீடிங் நின்னுச்சு, இனிமே எதுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் அலையணும்னு விட்டுர்றாங்க. ஆனா முழு முத்துப்பிள்ளைல, அதாவது கரு துளிகூட இல்லாத வகைல, சுமார் 15லேர்ந்து 20 சதவீதம் பேருக்கு மிச்சம் இருக்கற செல்லு மறுபடி வளருது, அது பல சமயம் வெளிய தெரியாது, பீட்டா ஹெச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோன் அளவு பாக்கற ரத்த டெஸ்ட்லதான் தெரியும். அதனால நார்மல் ஆவுற வரைக்கும் வாராவாரம், முழு முத்துப்பிள்ளைனா அதுக்கப்புறமும் 6 மாசம் மாசாமாசம் பாக்கணும், முடிஞ்சா ஒரே லேப்ல. நடுவுல கர்ப்பமாயிட்டா நம்பர் ஏறுறது எதனாலன்னே புரியாது, அதனால டாக்டர் சொல்ற வரைக்கும் தள்ளிப் போடுங்க. கருத்தடை மாத்திரை சாப்பிடலாம், காப்பர் டி மட்டும் நம்பர் நார்மல் ஆவுறதுக்கு முன்னாடி வேணாம்.

நம்பர் இறங்காம நின்னாலோ ஏறினாலோ கேன்சரான்னு இடிஞ்சு போய் உக்காந்துராதீங்க. ரிஸ்க் கம்மியா இருந்தா மெத்தோட்ரெக்சேட் மாதிரி கீமோ ஊசிலயே கிட்டத்தட்ட எல்லாருக்கும் குணமாயிடுது, கர்ப்பப்பையையும் காப்பாத்தலாம். நஞ்சுக்கொடி ஒட்டற எடத்துல வர்ற அபூர்வமான கட்டி மட்டும் வேற, அதுல பீட்டா லேசாதான் ஏறும், கீமோவும் அவ்ளோவா கேக்காது, பெரும்பாலும் கர்ப்பப்பைய எடுக்கறதுதான் வைத்தியம்.

இன்னொண்ணு, நல்லபடியா குழந்தை பொறந்த பிறகும் கோரியோகார்சினோமா, அதாவது நஞ்சுக்கொடி செல்லுல வர்ற கேன்சர், வரலாம். பிரசவமாகி சில மாசம் கழிச்சும் தாறுமாறா ப்ளீடிங், இல்ல இருமினா ரத்தம்னா டிபி டெஸ்ட் கண்டிப்பா எடுங்க, கூடவே பீட்டா டெஸ்ட்டும் கேளுங்க.

அப்புறம் மாமியாருங்க, நாத்தனாருங்களுக்கு. அவ பப்பாளி தின்னா, வெயிட் தூக்கினான்னு அந்தப் பொண்ண வாட்டாதீங்க. கரு உருவாகுற அந்த நிமிஷமே குரோமோசோம் தப்பா சேந்து வர்றது இது, முழு முத்துப்பிள்ளைல பெரும்பாலும் குரோமோசோம் மொத்தமும் ஆம்பளகிட்டேர்ந்துதான் வருது. அடுத்த கர்ப்பத்துல திரும்ப வர்ற வாய்ப்பு 100ல ஒருத்தர் போலதான், ஆனாலும் நாள் தள்ளினதும் சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுத்துருங்க.