மோட்டார் அல்ல, வால்வு

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம் எங்கள் ஊர் மேடும் பள்ளமுமானது. மேட்டு வீடுகளுக்குக் காலையில் தண்ணீர் ஏறாது. குடத்துடன் இறங்கி வரும் பாட்டிகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஊரார் பெரிய மோட்டார் போடச் சொன்னார்கள். மோட்டார் மேல்நிலைத் தொட்டியைத்தானே நிரப்பும்; தொட்டியிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் தானாகத்தானே இறங்கி வருகிறது!

குழாய்களில் நீரின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் இலவச மென்பொருளான எப்பாநெட்டில் குழாய்களின் நீளம், விட்டம், தரைமட்டம், காலை நேரத் தேவை எல்லாவற்றையும் ஏற்றினேன். காலையில் மேட்டில் 12 மீட்டர் அழுத்தம், அதாவது அவ்வளவு உயரம் தண்ணீரை ஏற்றும் அழுத்தம், என்றது கணக்கு. அழுத்தமானி காட்டியது 3. நள்ளிரவில் ஓட்டம் ஓய்ந்தபோது இரண்டும் ஒத்துப்போயின. ஆகவே உயரங்கள் சரி; தண்ணீர் ஓடும்போதுதான் எங்கோ அழுத்தம் இழக்கிறது. பழைய குழாயின் உராய்வோ என்று குழாயின் வழவழப்பைக் குறிக்கும் ஹேசன்-வில்லியம்ஸ் எண்ணை 140-இலிருந்து 100 ஆகக் குறைத்தும் வித்தியாசம் தீரவில்லை.

காலையில் அழுத்தமானியோடு குழாய் வழியே நடந்தேன். ஜங்ஷனைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென விழுந்தது. தாருக்கு அடியில் புதைந்த வால்வு, முக்கால்வாசி மூடியபடி! திறந்தோம். மறுநாள் மேட்டில் 11 மீட்டர்.