ஃபீச்சர்கவுண்ட்ஸ் எண்ணிக்கை குறைவாக வந்தால் எங்கே பார்ப்பது?

ஆர்என்ஏ-சீக் டேட்டா. ரீடுகளை (சீக்வென்சர் படித்த சிறு துண்டுகளை) ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் மென்பொருளில் 90 சதவீத ரீடுகள் பொருந்துகின்றன. ஜீன் வாரியாக அவற்றை எண்ணும் ஃபீச்சர்கவுண்ட்ஸிலோ 3 சதவீதம்தான் ஜீன்களில் சேர்கிறது. டேட்டாவைக் குறை சொல்லுமுன், அவுட்புட்டோடு வரும் சம்மரி ஃபைலைத் திறங்கள். ‘நோ ஃபீச்சர்ஸ்’ (எந்த ஜீனிலும் சேராதவை) வரியில் ரீடுகள் குவிந்திருந்தால் பெரும்பாலும் கீழே உள்ள முதல் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

1. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் குரோமோசோம் பெயர் ஒத்துப்போகவில்லை. ஜீனோம் ஃபைல்களை வெளியிடும் தளங்களில் என்செம்பிள் ஃபைலில் வெறும் ‘1’. ஜென்கோடிலும் யூசிஎஸ்சியிலும் அதே குரோமோசோமுக்கு முன்னால் ‘சிஎச்ஆர்’ ஒட்டியிருக்கும். பாம் ஃபைலின் (ஸ்டார் தரும் பொருத்தங்கள்) ஹெடரையும் ஜிடிஎஃப்-இன் (ஜீன்களின் இடங்களைச் சொல்லும் ஃபைல்) முதல் பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெக்ஸ்டை மாற்றும் ‘செட்’ (sed) கமாண்டால் முன்னொட்டைச் சேர்க்கலாம்தான். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒருவர் ‘எம்டி’, இன்னொருவர் ‘எம்’ என்று வைத்திருப்பதால் அது சத்தமில்லாமல் விடுபடும். ஜீனோம், ஜிடிஎஃப் இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே ரிலீஸில் இறக்குவதே மேல்.

2. கொஞ்சம் வருகிறது, ஆனால் குறைவு என்றால் ஸ்ட்ராண்ட் (ரீடு டிஎன்ஏவின் எந்த இழையைச் சேர்ந்தது என்ற அமைப்பு). பலரும் வழுக்கும் இடம் இதுதான், ஏனென்றால் எரர் எதுவும் வராது. ஒரே ஒரு சாம்பிளை எடுத்து, ‘எஸ்’ ஆப்ஷனுக்கு 0 (இழையைப் பார்க்காது), 1 (அதே இழை), 2 (எதிர் இழை) என மூன்று முறை ஓட்டுங்கள். 2 மிக அதிகமாகவும் 1 சொற்பமாகவும் வந்தால் ரிவர்ஸ் ஸ்ட்ராண்டட். லைப்ரரி (சீக்வென்சிங்குக்குத் தயாரித்த சாம்பிள்) செய்யும் ட்ரூசீக் ஸ்ட்ராண்டட் கிட் இப்படித்தான். 1, 2 இரண்டும் ஏறக்குறைய சமமாக, 0-வில் பாதி அளவுக்கு வந்தால் லைப்ரரி அன்ஸ்ட்ராண்டட். அதற்கு 2 கொடுத்தால் பாதி ரீடுகள் போய்விடும். கிட் பெயரை நம்புவதைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

3. பேர்டு-எண்ட் (ஒரே துண்டின் இரு முனைகளையும் படித்த) டேட்டாவா? ஃபீச்சர்கவுண்ட்ஸ் அடங்கிய சப்ரீட் தொகுப்பில் 2.0.2 முதல் ‘பி’ மட்டும் போதாது, ‘கவுண்ட் ரீட் பேர்ஸ்’ ஆப்ஷனும் வேண்டும். பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டினால் ஒரு ஜோடி இரண்டாக எண்ணப்படும்.

4. குழுக்களுக்கு இடையே ஜீன் வெளிப்பாட்டை ஒப்பிடும் டிஇசீக்2-க்குள் போகுமுன் டேபிளில் எண்ணிக்கைக்கு முன்னால் நிற்கும் ஆறு பத்திகளில் ஜீன் ஐடியை வரிப்பெயராக்கி, மீதி ஐந்தை நீக்குங்கள். கொடுப்பது முழு எண்களாக இருக்க வேண்டும்; டிபிஎம் (ஜீன் நீளத்துக்கும் மொத்த ரீடுகளுக்கும் சரிசெய்த அளவு) போடவே கூடாது. ரெஃபரன்ஸை (ஒப்பீட்டுக்கு அடிப்படையான குழுவை) நீங்களே ரீலெவல் கட்டளையால் குறிப்பிடுங்கள். விட்டால் அகரவரிசைப்படி ‘ட்ரீட்டட்’ முந்திக்கொள்ளும், ‘அன்ட்ரீட்டட்’ பின்னால் போகும். கூடிய ஜீன் எல்லாம் குறைந்ததாகத் தெரியும்.

பின்சேர்க்கை: சம்மரியில் ‘மல்ட்டிமேப்பிங்’ (பல இடங்களில் பொருந்தும் ரீடுகள்) வரி பெருத்திருந்தால் ஆப்ஷன்களைத் திருகிப் பயனில்லை. ரைபோசோம் ஆர்என்ஏ சரியாக நீக்கப்படவில்லையா என்று முதலில் பாருங்கள்.